ராம்சேயின் இரண்டாம் எண் சட்டை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் 1966 உலகக் கோப்பை பற்றி வந்த கட்டுரையில், இங்கிலாந்து பயிற்சியாளர் ஆல்ஃப் ராம்சே ‘ஆட்டக்காரராகச் சாதாரணம்தான்’ என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள். இது சரியல்ல. இங்கிலாந்துக்காக 32 ஆட்டங்கள் ஆடிய ரைட் பேக் அவர், அதாவது இரண்டாம் எண் சட்டையில் வலப்புறத் தடுப்பாளர். கோட்டோரமாகத் தாக்கும் விங்கர்களைப் பின்னுக்கு இழுத்துப் பயிற்சியாளராக அவர் செய்த புதுமைக்கு விதை விழுந்ததே அந்த ரைட் பேக் இடத்தில்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

அவருக்கு வேகம் கிடையாது, திரும்புவதிலும் மெதுவு. ஆட்டக்காரர்கள் W, M எழுத்துகளின் வடிவில் நிற்கும் அன்றைய டபிள்யூ-எம் அமைப்பில் இது பெரிய ஆபத்து. 1925இல் ஆஃப்சைடு விதி தளர்ந்து தாக்குவது எளிதானதும், நடுக்களத்தில் நின்ற சென்டர் ஹாஃபைப் பின்னுக்கு இழுத்து, தடுப்பில் மூன்று பேரை நிறுத்தினார்கள். சென்டர் ஹாஃப் எதிரணியின் நடு முன்னணி வீரரான சென்டர் ஃபார்வர்டைப் பிடிக்க வேண்டும், ரைட் பேக் இடது விங்கரை. பந்து எதிர்ப்பக்கம் போனால் ரைட் பேக் கோட்டோரத்தை விட்டு உள்ளே வந்து சென்டர் ஹாஃபுக்குத் துணை நிற்க வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பந்தை இந்தப் பக்கம் திருப்பி அடித்தால், வேகமில்லாதவர் விங்கரின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். ராம்சே இதைச் சமாளித்தது காலால் அல்ல, நிற்கும் இடத்தால். பாய்ந்து காலை நீட்டாமல் இரண்டடி தள்ளி நின்று, விங்கரை உள்ளே விடாமல் கோட்டோரமாகவே ஒதுக்குவார்.

அவருடைய பெரிய பலம் பந்து கிடைத்த பிறகுதான் தெரியும். 1949இல் சவுத்தாம்டனிலிருந்து டாட்டன்ஹாமுக்கு வந்தார். அங்கே பயிற்சியாளர் ஆர்தர் ரோவின் பாணி, பாஸ் கொடுத்தவுடன் காலி இடத்துக்கு ஓடு என்பது. அந்தக் காலத்தில் கோல்கீப்பர் பந்தைப் பிடித்தால் நடுக்கோட்டைத் தாண்டி ஓங்கி உதைப்பதுதான் வழக்கம். அது யாருக்குப் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. டாட்டன்ஹாம் கோல்கீப்பர் டெட் டிட்ச்பர்ன் அப்படிச் செய்யாமல், ஓரமாக விலகி நிற்கும் ராம்சேயிடம் கையால் எறிவார். ராம்சே தலையைத் தூக்கிப் பார்த்து, தரையோடு ஒரு பாஸ். அவர் முன்னேறினால், அவருக்கு முன்னால் நடுக்களத்தின் வலப்புறம் ஆடும் ரைட் ஹாஃப் பில் நிக்கல்சன் பின்னால் இறங்கி அந்த இடத்தைக் காப்பார். இந்த ஏற்பாட்டில்தான் டாட்டன்ஹாம் 1950இல் இரண்டாம் டிவிஷனையும், அடுத்த ஆண்டே முதல் டிவிஷனையும் வென்றது. லீக் பட்டம் அவர்களுக்கு அதுவே முதல் முறை.

1953 அக்டோபரில் ஐரோப்பியத் தேர்வு அணிக்கு எதிராகக் கடைசி நிமிட பெனால்டியை அடித்து 4-4 ஆக்கியவரும் அவர்தான். ஐந்து வாரம் கழித்து, நவம்பர் 25, வெம்ப்லியில் ஹங்கேரி. 3-6. உடல்தகுதிக் குறைவால் தோற்றார்கள் என்கிறது கட்டுரை. உண்மைக் காரணம் ஒரு 9ஆம் எண் சட்டை, அதாவது சென்டர் ஃபார்வர்டின் சட்டை. அதை அணிந்த ஹிடேகுட்டி முன்னால் நிற்காமல் நடுக்களத்துக்கு இறங்கிவிட்டார். சென்டர் ஹாஃப் பின்தொடர்ந்தால், நடுவில் மற்ற முன்னணி வீரர்களான புஷ்காஷும் கோச்சிஷும் நுழைய ஓட்டை விழும், தொடராமல் நின்றால் ஹிடேகுட்டியைக் கேட்க ஆளில்லை. சென்டர் ஹாஃப் ஹாரி ஜான்ஸ்டன் கடைசிவரை விடை தெரியாமல் தவிக்க, ஹிடேகுட்டி மூன்று கோல் போட்டார். பக்கத்தில் நின்று அதைப் பார்த்தவர் ராம்சே. அன்று அவரும் ஒரு பெனால்டி கோல் போட்டார். ஆனால் அதன்பிறகு இங்கிலாந்து அணியில் அவருக்கு இடமில்லை.

1955இல் மூன்றாம் டிவிஷன் இப்ஸ்விச்சுக்குப் பயிற்சியாளராகப் போனார். அங்கே ஜிம்மி லெட்பெட்டர் என்று ஒருவர், அவரைப் போலவே வேகமில்லாதவர். அவருக்கு இடது விங்கரின் 11ஆம் எண் சட்டையைக் கொடுத்து, இடது விங்கில் முன்னால் நிறுத்தாமல் பின்னாலேயே வைத்துக்கொண்டார். இப்போது அதே தவிப்பு எதிரணி ரைட் பேக்குக்கு, அதாவது ராம்சே தானே நின்று பழகிய இடத்துக்கு! லெட்பெட்டரைத் தேடி அவர் மேலே வந்தால் முதுகுக்குப் பின்னால் காலி இடம், பந்து நேரே அங்கே போகும். வராவிட்டால் லெட்பெட்டர் நிதானமாக அளந்து அடிப்பார். 1961-62இல், முதல் டிவிஷனுக்கு வந்த முதல் ஆண்டிலேயே, இப்ஸ்விச் பட்டம் வென்றது. முன்னணி வீரர்கள் ரே கிராஃபோர்ட் 33, டெட் ஃபிலிப்ஸ் 28 லீக் கோல்கள். டாட்டன்ஹாமையே இரண்டு ஆட்டத்திலும் வீழ்த்தினார்கள். 1966இல் விங்கரே இல்லாமல் இங்கிலாந்து ஆடியதைப் புகழும்போது இந்த இப்ஸ்விச் ஆண்டுகளை விட்டுவிடக் கூடாது.

இந்தத் தந்திரத்துக்கு எதிரணியின் விடை 1962 ஆகஸ்டில், லீக் வென்ற அணியும் கோப்பை வென்ற அணியும் மோதும் சேரிட்டி ஷீல்டு ஆட்டத்தில் கிடைத்தது. டாட்டன்ஹாமின் ஃபுல் பேக்குகள், அதாவது இருபுறத் தடுப்பாளர்கள், விங்கர்களைத் தேடிப் போகாமல் உள்ளே நின்று கிராஃபோர்டையும் ஃபிலிப்ஸையும் பிடித்துக்கொண்டார்கள். இறங்கி நின்ற விங்கர்களை நடுக்கள ஹாஃப் பேக்குகள் பார்த்துக்கொண்டார்கள். டாட்டன்ஹாமுக்கு 5-1 வெற்றி. அப்போது டாட்டன்ஹாமின் பயிற்சியாளர் பில் நிக்கல்சன், ஒரு காலத்தில் 4ஆம் எண் சட்டையில் ராம்சேக்கு முன்னால் நின்று அவர் இடத்தைக் காத்தவர்.

இப்படிக்கு,
கால்பந்து வாசகர்,
வியாசர்பாடி, சென்னை