பைத்தான் 3.14: ஞாயிற்றுக்கிழமைக்குள் செய்ய வேண்டியவை

நண்பர்களே, வணக்கம். நம்மில் சிலர் இன்னும் பைத்தான் நிரலாக்க மொழியின் பழைய பதிப்பான 3.9-இல் இருக்கிறீர்கள். அதற்கான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது; இனி பாதுகாப்புத் திருத்தங்கள்கூட வராது. தயவுசெய்து புதிய 3.14-க்கு மாறுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

1. டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் திரையில்) உங்கள் பதிப்பு எண்ணைப் பாருங்கள். 3.10-க்கும் 2026 அக்டோபர் வரைதான் ஆதரவு.

2. 3.14-ஐ பைத்தானின் அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். லினக்ஸில் சிஸ்டத்தோடு வந்த பைத்தானை நீக்கவே கூடாது; புதியதைத் தனியாக நிறுவுங்கள்.

3. பழைய புராஜெக்டுகளுக்கு விர்ச்சுவல் என்விரான்மென்ட்டை (ஒரு புராஜெக்டுக்கு மட்டுமான தனி பைத்தான் சூழலை) புதிதாக உருவாக்கி, டெஸ்டுகளை ஓட்டிப் பாருங்கள்.

4. புதிதாகக் கற்பவர்களுக்கு 3.14 நிஜமாகவே உதவும். 'வைல்' (while) என்ற கட்டளைச் சொல்லில் ஓர் எழுத்து கூடிப்போனால், 'வைல் என்று எழுத நினைத்தீர்களா?' என்று பிழைச் செய்தியே கேட்கிறது. ஷெல்லில் (பைத்தான் வரிகளைத் தட்டி உடனே ஓட்டும் இடத்தில்) குறிநிரல் வண்ணத்திலும் தெரியும். அனுபவசாலிகள் டி-ஸ்ட்ரிங்கை (t-string; உரைக்குள் மதிப்புகளைச் செருகும் புதிய வார்ப்புரு வசதி) பாருங்கள். ஜில் (GIL; நிரலின் பகுதிகள் ஒரே நேரத்தில் இணையாக ஓடுவதைத் தடுக்கும் பூட்டு) இல்லாத தனி பைத்தான் பில்டுக்கும் இப்போது அதிகாரப்பூர்வ ஆதரவு உண்டு.

5. அப்புறம், அதிகாரப்பூர்வ டுடோரியல் இலவசம். அதிலிருந்தே தொடங்குங்கள்.

வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு வீடியோ அழைப்பில் சந்திப்போம். வருபவர்கள் உங்கள் பதிப்பு எண்ணையும் சிக்கல் இருந்தால் பிழைச் செய்தியையும் வெள்ளி இரவுக்குள் இங்கே பதிலாக அனுப்புங்கள்.