ஞாயிறு காலை முதலுதவிப் பயிற்சி: வீட்டுக்கு ஒருவராவது வரவும்

அனைவருக்கும் வணக்கம்.

வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு, கீழே கார் நிறுத்துமிடத்தில் சிபிஆர் (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் உயிர்காப்பு உதவி), முதலுதவிப் பயிற்சி. பி பிளாக் நர்ஸ் அக்கா சொல்லித் தருகிறார். அழுத்திப் பழகப் பொம்மையும் வருகிறது. கட்டணம் இல்லை.

வர முடியாதவர்கள் இதையாவது படித்து வையுங்கள். விழுந்தவர் தட்டிக் கூப்பிட்டும் அசையவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் ஒருவர் 108-ஐ அழைக்கட்டும், போன் ஸ்பீக்கரில் இருக்கட்டும். இன்னொருவர் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். கட்டிலில் இருந்தால் தரையில் இறக்குங்கள். மெத்தையில் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். நெஞ்சின் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன் மேல் மறு கை, முழங்கை மடங்கக் கூடாது. பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுசாக மேலே எழும்ப விடுங்கள். இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும், ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். வாயில் ஊதத் தயக்கமா? பரவாயில்லை, அழுத்துவதை நிறுத்தாதீர்கள். விலா எலும்பு உடையுமோ என்ற பயமும் வேண்டாம், எலும்பு பிறகு கூடிவிடும்.

அப்புறம், வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது, தீக்காயத்தில் பேஸ்ட் தடவுவது, மயங்கியவர் வாயில் சோடா ஊற்றுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். தீக்காயத்தை முதலில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள்.

வாட்ச்மேன் அண்ணனும் வருகிறார். ஆம்புலன்ஸ் வந்தால் கேட்டைத் திறந்து லிஃப்டைப் பிடித்து வைப்பது அவர்தானே.

முட்டி போட வசதியான உடையில் வாருங்கள். பெயர்களைச் சனிக்கிழமை இரவுக்குள் இங்கேயே பதிவிடவும்.

– செயலாளர்