பாஸ் கொடுத்தவன் கணக்கு

அன்புள்ள கயல்,

போனில் நீ கேட்டதற்கு உடனே பதில் வரவில்லை. ஒரு பூங்காவைப் பார்க்க உன்னை ஓசியில் கூட்டிக்கொண்டு போகிறார்கள், அதைப் பற்றி நீ எழுதினால் அது எழுத்தா விளம்பரமா என்றாய். முப்பத்திரண்டு வருஷம் புக்கிங் கவுன்டரில் உட்கார்ந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது! ரயில்வேக்காரன் கணக்குப் பார்க்காமல் எதையும் செய்ய மாட்டான்.

நீ போகப்போகிற அதே கிளேசியர் தேசியப் பூங்காவுக்கு, அமெரிக்காவின் மொன்டானா மலைகளுக்கு, 1915இல் எழுத்தாளர் மேரி ராபர்ட்ஸ் ரைன்ஹார்ட் போனார். துப்பறியும் கதைகளால் அமெரிக்கா முழுக்கத் தெரிந்த பெயர். அந்த வருஷத் தொடக்கத்தில்தான் பெல்ஜியப் போர்முனைக்குப் போய் எழுதிவிட்டு வந்திருந்தார். பூங்கா 1910இல் பிறந்தது. அதன் தெற்கு விளிம்பை ஒட்டியே கிரேட் நார்தர்ன் ரயில்வேயின் தண்டவாளம். ஆல்ப்ஸ் மலைக்குக் கப்பலேறும் பணக்காரர்களை இந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அதன் தலைவர் லூயிஸ் ஹில்லுக்கு ஆசை. ‘முதலில் அமெரிக்காவைப் பார்’ என்று ஊரெல்லாம் விளம்பரம். 1914இல் ஐரோப்பாவில் சண்டை மூண்டது அவருக்கு வாய்ப்பாகப் போயிற்று.

இன்று ஈஸ்ட் கிளேசியர் என்கிற ஸ்டேஷனுக்கு எதிரிலேயே 1913இல் ஹில் ஓட்டல் கட்டினார். கூடத்துக்குள் சுமார் 40 அடி உயரத் தூண்கள். முழு டக்ளஸ் ஃபிர் மரங்கள், பட்டைகூட உரிக்காமல். இன்றும் நிற்கின்றன, தொட்டுப் பார். அங்கிருந்து ஹோவர்ட் ஈட்டன் என்ற வழிகாட்டியோடு ரைன்ஹார்ட் குதிரையில் 300 மைல் கணவாய் கணவாயாகச் சுற்றினார். அது பத்திரிகையிலும் புத்தகமாகவும் வந்தது. ரயில்வேக்கு அதைவிட நல்ல விளம்பரம் ஏது?

ஆனால் அந்தம்மா இன்னொன்றையும் பார்த்தார். பூங்காவின் கிழக்குப் பாதி பிளாக்ஃபீட் என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களுடையதாக இருந்தது. 1895இல் அரசாங்கம் 15 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதே மக்களை இறகுத் தலைப்பாகையோடு பயணிகளை வரவேற்க நிறுத்தியது ரயில்வே. நியூயார்க்கில் ஓட்டல் மொட்டை மாடியில் கூடாரம் போடக்கூட வைத்தது. (நம்மூர்க் கல்யாண வாசலில் பன்னீர் தெளிக்க ஆள் வைக்கிற மாதிரி என்று எழுத வந்தேன். அடித்துவிட்டேன், அது இவ்வளவு கேவலம் இல்லை.) படம் எடுத்து முடிந்தால் அவர்கள் திரும்பிப் போகிற வீட்டில் பட்டினி. ரைன்ஹார்ட் நர்சிங் படித்தவர், பசித்த உடம்பு எப்படியிருக்கும் என்று தெரியும். மலையை மட்டும் வர்ணித்துவிட்டுப் போகாமல், வாஷிங்டனில் பழங்குடியினர் விவகாரத்துக்கும் பொறுப்பான உள்துறைச் செயலாளர் ஃபிராங்க்ளின் லேன் வரை விஷயத்தைக் கொண்டுபோனார்.

அதனால் நீ போய்விட்டு வா. சிகாகோவில் ஏறினால் மறுநாள் சாயங்காலம் ஈஸ்ட் கிளேசியர். பகலில் ஜன்னலோர சீட்டை விட்டுவிடாதே. பிளாக்ஃபீட் மக்களின் பிரவுனிங் ஊர் அங்கிருந்து பக்கம்தான். உன்னைக் கூட்டிப்போகிறவர்கள் கொடுத்த நிகழ்ச்சி நிரலில் அது இருக்கிறதா என்று பார்த்துச் சொல். இல்லையென்றால் வண்டி வாடகையை நான் அனுப்புகிறேன்.

அம்மா பருப்புப் பொடி பார்சல் போட்டிருக்கிறாள். ஸ்வெட்டரை மறக்காதே.

அன்புடன்,
அப்பா