ஆறு தடவை பால் காய்ச்சியாகிவிட்டது

சேலம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரிய அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

எங்கள் வீட்டில் சின்னதாக ஒரு எவர்சில்வர் குண்டான் இருக்கிறது. கல்யாணத்துக்கு என் பெரியம்மா வைத்த சீர். அதில் அன்றாடம் எதுவும் சமைப்பதில்லை. புது வீட்டுக்குக் குடிபோகும்போது பால் காய்ச்ச மட்டும் பரணிலிருந்து இறக்குவோம். பதினேழு வருஷத்தில் ஆறு தடவை இறக்கிவிட்டேன். தாதகாப்பட்டி, குகை, களரம்பட்டி, மறுபடியும் குகை, பள்ளப்பட்டி, இப்போது செவ்வாய்ப்பேட்டைக்குப் பின்னால், ஒரே காம்பவுண்டுக்குள் பல குடித்தனம் இருக்கிற ஒரு வளவு. ஆவணி பிறந்ததும் ஏழாவது தடவை இறக்க வேண்டும். எந்த வீட்டில் என்றுதான் தெரியவில்லை.

வீட்டுக்காரர் என்று எழுதினால் என் கணவரா, வாடகை வாங்குகிறவரா என்று குழம்பிவிடும். அதனால் ஓனர் என்றே எழுதுகிறேன். எங்கள் ஓனரம்மா கெட்டவர் இல்லை. மகனுக்குக் கல்யாணம் வருகிறது, வளவை இடித்துவிட்டு மாடி வீடு கட்டப் போகிறார்கள். "ஆடியில போகச் சொல்ல மாட்டேன் கண்ணு. குகையில வண்டி வேடிக்கை பாத்துட்டு, ஆவணியில காலி பண்ணிக் குடுங்க" என்றார். அவர் வீடு, அவர் இடிக்கிறார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. நான் கேட்க வந்தது உங்களிடம்.

நாங்கள் கொலுசு வேலைக்காரர்கள். கணவர் ஒரு பட்டறையில் பற்றவைக்கிற வேலை செய்கிறார். நான் வீட்டிலேயே உட்கார்ந்து கொலுசுக்குச் சலங்கை மாட்டுகிறேன். நல்ல மாதத்தில் இரண்டு பேருக்குமாக 19,000 வரும். ஆர்டர் இல்லாத மாதத்தில் 11,000 வந்தால் பெரிது. அரசுக் கணக்கில் வருஷத்துக்கு 3 லட்சத்துக்குள் வருமானம் உள்ள குடும்பம், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு. எந்தத் திட்டத்தின் விண்ணப்பத்தை எடுத்தாலும் முதல் கட்டத்தில் நாங்கள் பொருந்திவிடுவோம். இரண்டாம் கட்டத்தில்தான் இடிக்கும்: "சொந்தமாக மனை உண்டா? பட்டா உண்டா?"

சொந்த மனை இருந்தால் வீடு கட்ட அரசு பணம் தருகிறது. நல்ல திட்டம்தான், என் அத்தை மகள் அதில் கட்டிக் குடிபோய்விட்டாள். மனை இல்லாதவர்களுக்கு அடுக்குமாடியில் வீடு ஒதுக்குகிறார்கள், அதற்கும் பயனாளி பங்குத் தொகை என்று கையிலிருந்து கட்ட வேண்டும். நகைக்கடனோ வட்டியோ வாங்கி அதையும் கட்டிவிடலாம். ஆனால் ஊருக்கு வெளியே வீடு கிடைத்தால் என் வேலை போய்விடும். எப்படி என்று சொல்கிறேன்.

கொலுசு வேலை நம்பிக்கையில் ஓடுகிற தொழில். பட்டறையில் வெள்ளியை எடைபோட்டு என் கையில் கொடுப்பார்கள். வேலை முடித்துக் கொடுக்கும்போது மறுபடி எடைபோடுவார்கள். சேதாரம் போகக் குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள். வெள்ளி விலை கிலோ லட்ச ரூபாயைத் தாண்டிப் போய்விட்ட காலம் இது. துணிப்பையில் அரைக் கிலோவைப் போட்டு ஒருவர் என்னிடம் தருகிறார் என்றால், என் வீடு எந்தச் சந்தில் இருக்கிறது, பக்கத்து வீட்டில் யார், என் மாமியார் எந்தக் கடையில் மளிகை வாங்குகிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும் என்று அர்த்தம். பத்துக் கிலோமீட்டர் தள்ளிப் போய் மூன்றாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, வெள்ளி கொடுங்கள் என்றால் யார் கொடுப்பார்கள்? அப்புறம், தீபாவளிக்கு முந்தின இரண்டு மாதம் பட்டறையில் இரவு பதினொன்று, பன்னிரண்டு வரைக்கும் வேலை நடக்கும். டவுன் பஸ்ஸில் எனக்கு டிக்கெட் இல்லை, சந்தோஷம். ஆனால் அந்த நேரத்தில் என் கணவர் வீடு திரும்ப பஸ்ஸே இருக்காது.

இதெல்லாம் எங்கள் தொழிலுக்கு மட்டும் இல்லை. அம்மாப்பேட்டையில் தறி ஓட்டுகிறவர், லீ பஜாரில் மூட்டை தூக்குகிறவர், பெரியாஸ்பத்திரியில் ஒப்பந்தத்தில் கூட்டிப் பெருக்குகிற அம்மா, எல்லோரும் வேலை இருக்கிற இடத்தை ஒட்டித்தான் குடியிருக்க முடியும். அதனால்தான் இத்தனை பேர் வளவு வீட்டிலும் லைன் வீட்டிலும் ஒண்டிக்கொண்டிருக்கிறோம்.

வீடு தேடுகிற கதையையும் கொஞ்சம் கேளுங்கள். ஆனி மாதம் தொடங்கினேன், இதுவரை பதினான்கு வீடு பார்த்துவிட்டேன். முதல் கேள்வி, "எத்தனை பேருங்க?" இரண்டாவது, "என்ன வேலைங்க?" கொலுசு என்றதும் முகம் மாறும். "கேஸ் வெச்சு ஊதுவீங்க, ஆசிட் வெப்பீங்க, ஆகாதுங்க." நான் ஊதுவதில்லை, சலங்கை மட்டும்தான் மாட்டுகிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள் கேட் சாத்தப்படும். இதைத் தாண்டினால் மூன்றாவது கேள்வி வரும். குரலைத் தாழ்த்தி, சிரித்துக்கொண்டே, "நீங்க என்னங்க ஆளுங்க?" எட்டாம் வகுப்புப் படிக்கிற என் மகள் பக்கத்திலேயே நிற்பாள். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று ஒருநாள் அவள் என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

மூன்றையும் தாண்டினால் பணம். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, பொதுக் கக்கூஸ். மாதம் 6,500, அட்வான்ஸ் 50,000. போகியம் என்றால் நாலு லட்சம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: நாலு லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மூன்று வருஷத்துக்கு வாடகை கிடையாது, காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்பி வந்துவிடும். அதாவது கையில் நாலு லட்சம் வைத்திருப்பவருக்கு வீடு சும்மா. இல்லாதவர்தான் மாதாமாதம் கட்டுகிறார்.

பள்ளப்பட்டி வீட்டைக் காலி செய்தபோது என் அட்வான்ஸ் 20,000-இல் 4,500 பிடித்துக்கொண்டார்கள், வெள்ளையடிக்கவாம். சுவரில் என் மகள் சின்ன வயதில் பென்சிலால் போட்ட ஒரு கோலம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஒரு கோலத்துக்கு 4,500 கொஞ்சம் அதிகம்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2017-இல் நிறைவேற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிற வாடகைச் சட்டம் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றும் சொல்கிறது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் தவிர. அந்த ஒரு 'தவிர'வுக்குள்தான் எங்களைப் போன்றவர்கள் எல்லோரும் குடியிருக்கிறோம். ஆறு வீட்டில் ஒரே ஒரு வீட்டில்தான் எனக்குப் பத்திரத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள், அதுவும் பதியவில்லை. பதிந்தால் வீட்டு வரி ஏறிவிடும் என்று ஓனர்களுக்குப் பயம், பதியச் சொன்னால் வீடே கிடைக்காது என்று எங்களுக்குப் பயம். துணை ஆட்சியர் நிலையில் ஓர் அதிகாரி இருக்கிறார் என்பது எங்கள் வளவில் ஐந்து குடித்தனத்தில் யாருக்கும் தெரியாது. சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி என்று நாலு மண்டல அலுவலகம் இருக்கிறதே. மாதத்தில் ஒரு நாள் அந்த அதிகாரியை ஒவ்வொன்றிலும் உட்கார வையுங்கள். பதிவதற்கும் வீட்டு வரிக்கும் சம்பந்தம் உண்டா இல்லையா என்று ஓனர்களுக்கும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

கரண்ட் விஷயம் ஒன்று. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். எங்கள் வளவுக்கு மொத்தமும் ஒரே இணைப்பு, உள்ளே ஆளுக்கொரு சப்மீட்டர், யூனிட்டுக்கு 9 ரூபாய். அரசு தருகிற 100 யூனிட் எங்கள் சந்து வரைக்கும் வந்து, ஓனர் வீட்டு மீட்டரோடு நின்றுவிடுகிறது. ஒரு விசிறி, இரண்டு பல்பு, ஒரு டிவி வைத்திருக்கிற நான் முதல் யூனிட்டிலிருந்தே காசு கட்டுகிறேன்.

சரி, என்னதான் வேண்டும் என்கிறீர்களா? சொந்த வீடு வேண்டாம். அரசு வாடகை வீடு வேண்டும், ஊருக்குள்ளே வேண்டும்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த யோசனை இல்லை. 1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கிய காலத்தில் சென்னையில் கட்டிய அடுக்குமாடிகளில் மாத வாடகை முறை இருந்தது. 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்று எழுதிப்போட்ட வாரியம் அது. 2021-இல் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது, வாடகை முறை அதற்கு ரொம்ப முன்பே மாறிவிட்டது. அப்புறம் 2020-இல், கொரோனாவில் வெளியூர்த் தொழிலாளர்கள் நடந்தே ஊர் திரும்பினார்களே, அதைப் பார்த்த பிறகுதான் மத்திய அரசு வாடகைக் குடியிருப்புத் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அரசு கட்டிப் பூட்டிக் கிடந்த வீடுகளை சண்டிகரிலும் சூரத்திலும் அப்படி வாடகைக்குக் கொடுத்தார்கள். 2024 செப்டம்பரில் வந்த புதிய பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டத்திலும் நாலு பிரிவில் ஒன்று வாடகை வீடுதான். சேலத்தில் அந்த வாடகை வீட்டுப் பிரிவைப் பற்றி ஒரு அலுவலகத்தில் கேட்டேன். "அதெல்லாம் பெரிய கம்பெனிக்கும்மா" என்றார்கள்.

கம்பெனிக்கு நடக்கிறது, உண்மைதான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண்கள் தங்குகிற குடியிருப்பைத் திறந்தார்கள். செய்தியில் பார்த்து நானும் கைதட்டினேன். தனியாக வேலைக்கு வருகிற பெண்களுக்குச் சேலத்திலேயே தோழி விடுதி இருக்கிறது. அரசு ஊழியர்களுக்கு வீட்டு வசதி வாரியத்தின் வாடகைக் குடியிருப்பு உண்டு. எங்கள் பட்டறையில் மொத்தம் ஒன்பது பேர். எங்களுக்காக யார் போய், தொழிற்பேட்டைகளை நடத்துகிற அரசு நிறுவனமான சிப்காட்டில் பேசுவார்கள்? குடும்பத்தோடு இருக்கிறவளை எந்த விடுதி சேர்த்துக்கொள்ளும்?

மாநகராட்சிக்கும் வாரியத்துக்கும் ஊருக்குள் இடம் இருக்கிறது. பழைய குடியிருப்புகளை இடித்துக் கட்டும்போது ஒரே ஒரு பிளாக்கை விற்காமல் வாடகைக்கென்று வையுங்கள். மாதம் 3,000 என்று வைத்தால் ஒன்றாம் தேதி கட்டிவிடுவேன், மிச்சத்தை அரசு தாங்கட்டும். கீழ்த்தளத்தில் புகைபோக்கி வைத்த ஒரு கூடம் இருந்தால் பற்றவைக்கிறவர்கள் அங்கே வேலை செய்வார்கள், வீட்டுக்குள் கேஸ் என்ற பேச்சே வராது. "உள்வாடகைக்கு விட்டுவிடுவார்கள்" என்பீர்கள். விடுவார்கள், எங்கள் ஆட்களை எனக்குத் தெரியாதா? ரேஷன் கடையில் அரிசிக்குக் கைரேகை வாங்குகிறவர்களுக்கு, வருஷத்துக்கு ஒரு தடவை வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது கஷ்டமா? பத்து வருஷத்தில் மகள் படித்து வேலைக்குப் போனால் சாவியை உங்களிடமே கொடுத்துவிடுகிறோம். இன்னொரு குடும்பம் வரட்டும்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் இதையே மனுவாகக் கொடுக்கலாம் என்று கணவர் சொன்னார். கொடுப்பேன். ஆனால் மனுவில் முகவரி எழுதச் சொல்வார்களே, பதில் தபால் வருவதற்குள் நாங்கள் அங்கே இருக்க மாட்டோம். நேரில் வந்து பார்ப்பதாக இருந்தால் ஆடி முடிவதற்குள் வாருங்கள். வளவுக்குள் நுழைந்ததும் இடது பக்கம் மூன்றாவது கதவு, குழாயடியை ஒட்டி. வாசலிலேயே சலங்கைச் சத்தம் கேட்கும்.

இப்படிக்கு,
செவ்வாய்ப்பேட்டையிலிருந்து, ஆவணி வரைக்கும்,
ஒரு கொலுசு வேலைக்காரி