கீஷுக்கு கிரூயேர் சீஸ் கட்டாயமில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழின் சமையல் பக்கத்தில் கீஷ் செய்முறை பார்த்தேன், அதாவது மாவு அடியில் முட்டையும் கிரீமும் ஊற்றி ஓவனில் சுடும் பிரெஞ்சுப் பலகாரம். கிரூயேர் சீஸ், ஹெவி கிரீம், அடி கழற்றும் டார்ட் டின் என்று போகிறது பொருள் பட்டியல். சேலத்தில் பாதிப் பேர் அதோடு பக்கத்தைத் திருப்பி ராசிபலனுக்குப் போயிருப்பார்கள். இத்தனைக்கும் முட்டை பப்ஸ் தின்று வளர்ந்த ஊர் இது.

கீஷ் என்பது பிரான்சின் வடகிழக்கில் இருக்கும் லொரேன் பகுதிக்காரர்களின் சாப்பாடு. அவர்களுடைய பழைய முறையில் சீஸே கிடையாது. ரொட்டி மாவைப் பரப்பி, அதன்மேல் முட்டை, கிரீம், உப்பிட்ட பன்றி இறைச்சி, அவ்வளவுதான். வீட்டில் கைக்கு எட்டியதை வைத்துச் செய்திருக்கிறார்கள். நமக்கு மட்டும் என்ன குறை? முட்டைக்கு நாமக்கல் இருக்கிறது (1997 வரை அதுவும் சேலம் மாவட்டம்தான், உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம்), மிளகு ஏற்காட்டிலிருந்து இறங்குகிறது, கிரீமுக்குப் பதில் ஆரஞ்சு பாக்கெட் ஆவின் பாலே போதும், அதில் 6 சதவீதம் கொழுப்பு. காய்ச்சி ஆறவைத்து, மேலே படியும் ஆடையையும் சேர்த்து அடித்துவிடுங்கள். 3 முட்டைக்கு 300 மில்லி பால், உப்பு, மிளகுத்தூள்.

உண்மையில் கவனம் வேண்டியது அடி மாவுக்குத்தான், உங்கள் குறிப்பு அதை ஒரே வரியில் தாண்டிவிட்டது. 200 கிராம் மைதாவுக்கு 100 கிராம் வெண்ணெய். வெண்ணெய் துணுக்கு துணுக்காக மாவுக்குள் நின்றால்தான் சுடும்போது உதிரும் பதம் வரும், உருகிவிட்டால் தட்டை கடிப்பது போல் கெட்டியாகிவிடும், நம் ஊர் சித்திரை வெயிலில் அது உருக ஐந்து நிமிடம்கூட ஆகாது. அதனால் வெண்ணெயை ஃப்ரீசரில் வைத்துக் கல்லாக்கி, கேரட் துருவியில் மாவுமேல் துருவி, விரல் நுனியால் பிசறி, மூன்று நான்கு ஸ்பூன் ஐஸ் தண்ணீர் தெளித்துத் திரட்டினால் போதும், சப்பாத்திக்குப் பிசைகிற மாதிரி அழுத்திப் பிசையவே கூடாது. அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, தேய்த்து, 8 அங்குல கேக் டின்னில் ஓரம் வரை ஏற்றிப் பதியுங்கள். டார்ட் டின் இருந்தால் அழகாக வரும், ருசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அப்புறம், பால் ஊற்றும் முன் இந்த அடியைத் தனியாகச் சுட வேண்டும், இல்லையென்றால் சொதசொதவென்று இருக்கும். முள்கரண்டியால் குத்தி, பட்டர் பேப்பர் விரித்து, மேலே காய்ந்த கொண்டைக்கடலையைக் கொட்டி, 190 டிகிரியில் 15 நிமிடம். கடலையை எடுத்துவிட்டு இன்னும் 10 நிமிடம். (அந்தக் கடலை சுண்டலுக்கு ஆகாது, டப்பாவில் போட்டு வைத்தால் அடுத்த தடவைக்கும் அதே கடலைதான்.)

உள்ளே சின்ன வெங்காயமும் பாலக்கும் வதக்கிப் போடலாம். கீரையை ஒட்டப் பிழிந்துவிடுங்கள். காளான் என்றால் தண்ணீர் வற்றும் வரை வதக்கணும். தக்காளி வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. அடித்த முட்டைப் பாலை மேலே ஊற்றி 170 டிகிரியில் 30, 35 நிமிடம், ஓரம் கெட்டியாகி நடுவில் லேசாக ஆடும்போதே எடுத்துவிட வேண்டும், மிச்சச் சூட்டில் தானாக இறுகும். நடுவும் இறுகட்டும் என்று விட்டால் முட்டை திரிந்து தண்ணீர் பிரியும். எடுத்ததும் வெட்டாமல் கால் மணி நேரம் பொறுங்கள். மறுநாள் சூடாக்க மைக்ரோவேவ் சரிப்படாது, அடி நமத்துப்போகும், தோசைக்கல்லில் மூடி போட்டு சிறு தீயில் வைத்தால் நன்றாக இருக்கும்.

முட்டை இல்லாமல் கடலை மாவில் செய்யலாமா என்று என் நாத்தனார் கேட்டார். செய்யலாம், நன்றாகவும் இருக்கும், ஆனால் அது வேறு பலகாரம்.

ஒரு வேண்டுகோள். இந்த மாதிரிக் குறிப்புகளில் மைதாவையும் வெண்ணெயையும் 'கப்' என்று போடாமல் கிராமில் போடுங்கள். எங்கள் வீட்டிலேயே மூன்று அளவில் கப் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அஸ்தம்பட்டி, சேலம்