மூன்றாம் தவணை: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். மூன்றாம் தவணை நல்லபடியாகப் போகிறது. தமிழ்மொழித் தினப் போட்டிகளில் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள், சதுரங்க அணியும் வலைப்பந்து அணியும் நன்றாக விளையாடின. தீபாவளி நிகழ்ச்சிக்குப் பலகாரம் செய்து தந்தவர்களுக்கு நன்றி. சாதாரண தர மாணவர்களின் மாலை வகுப்புகள் வழமை போல நடக்கும்.

சரி, இனி மழைக்கு வருகிறேன்.

ஒக்டோபர், நவம்பரில் கொழும்பு மழை எப்படி என்று நான் சொல்லத் தேவையில்லை. காலையில் வெயில் கொளுத்தும். பாடசாலை விடுகிற நேரம் பார்த்து இடியோடு கொட்டும். அந்த நேரம் நம் வாயிலில் கார்கள் இரண்டு வரிசையாக நிற்கின்றன, மூன்றாவது வரிசை நடைபாதையில் ஏறுகிறது, இடைவெளியில் ஆட்டோ நுழைகிறது. குடையைச் சாய்த்துப் பிடித்து ஓடும் பிள்ளைக்கு வாகனம் தெரியாது. ஆவி பிடித்த கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவருக்குப் பிள்ளை தெரியாது. போன வாரம் பின்பக்கமாக வந்த ஒரு வாகனத்துக்குப் பின்னால் நின்ற தரம் 3 பிள்ளையைக் காவலாளி கையைப் பிடித்து இழுத்தெடுத்தார். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை.

வேலையிடத்தில் அரை மணி நேரம் கேட்டு வாங்கி ஓடி வருகிறீர்கள் என்பது தெரியும். காலிக்குப் போகும் காலி வீதி மழையில் நகராது. கடலோர மரைன் டிரைவுக்குத் திரும்பியதும், இழந்த நேரத்தை அங்கே பிடிக்கப் பார்க்கிறோம். ஆனால் நனைந்த வீதியில் பிரேக் பிடித்து நிற்க ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் வேண்டும். முன்னால் போகும் வாகனத்துக்கு வழக்கமாக இரண்டு செக்கன் இடைவெளி விடுபவர் மழையில் நான்கு செக்கன் விட வேண்டும். பல நாள் வெயிலுக்குப் பிறகு விழும் முதல் தூறல் இன்னும் மோசம், வீதியில் படிந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து வழுக்கும். நான்கு சிக்னலையும் மின்னவிட்டு ஓட்டுகிற பழக்கம் எங்கிருந்து வந்ததோ! எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. ஹெட்லைட்டைப் போடுங்கள், போதும். ஒழுங்கையில் வெள்ளம் நின்றால் சுற்றிப் போங்கள். வடிகான் மூடி கழன்றிருப்பது மேலே தெரியாது. மோட்டார் சைக்கிளில் வருபவர்களே, ரெயின்கோட்டின் தொப்பி ஹெல்மெட் ஆகாது. பின்னால் இருக்கும் பிள்ளைக்கும் ஹெல்மெட் வேண்டும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வரும் திங்கள் முதல் மழை நாட்களில் வாயிலுக்கு முன்னால் எந்த வாகனமும் நிற்கக் கூடாது. பிள்ளைகள் மண்டபத்தில் இருப்பார்கள். வாகனத்தைத் தள்ளி நிறுத்திவிட்டு, நீங்கள் நடந்து வந்து கூட்டிச் செல்ல வேண்டும். போனில் கூப்பிட்டு "வெளியே வா" என்றால் விடமாட்டோம். நடைபாதையில் ஏற்றினால் ஒரு தடவை சொல்வோம், அடுத்த தடவை வாகன இலக்கம் போக்குவரத்துப் பொலிஸுக்குப் போகும். வாகனம் யாருடையதாக இருந்தாலும் சரி.

அதற்காகப் பதறி ஓட்டி வரவேண்டாம். மழை நாட்களில் இரண்டரை மணி வரை ஆசிரியர்கள் பிள்ளைகளோடு இருப்பார்கள். காலையில் கடும் மழையால் பிந்தி வரும் பிள்ளையின் பெயரையும் எழுதமாட்டோம். (தூறலுக்கு இந்தச் சலுகை கிடையாது.)

சொல்லாமலே ஒழுங்காக வருகிறவர்கள்தான் உங்களில் அதிகம். வீதியில் பாடசாலை இருக்கும் பக்கமாகவே தள்ளி நிறுத்தி, பிள்ளைகளை எண்ணி ஏற்றும் வான் சாரதிகளுக்கும், மழையில் கடவையில் நின்று மற்றவர்களின் பிள்ளைகளும் வீதியைக் கடக்க உதவும் தாய்மாருக்கும் என் மனமார்ந்த நன்றி.

அப்புறம், அலுவலகத்தில் பெயர் எழுதாத குடைகள் குவிந்து கிடக்கின்றன. வெள்ளிக்கிழமைக்குள் வந்து அடையாளம் சொல்லி எடுத்துச் செல்லுங்கள்.

இங்ஙனம்,
அதிபர்