தம்பிக்கும் சேர்த்து ஒரு கடிதம்

வாட்ஃபோர்ட், இங்கிலாந்து,
நவம்பர் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் மூவரும் நலம். அங்கு நீங்களும் தம்பியும் நலமாக இருக்கப் பாடலீசுவரரை வேண்டிக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது, "வெள்ளைக்காரர்களும் நம்மைப் போல் சீரியல் பார்ப்பார்களா?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லத் தொடங்கியபோது, உங்களுக்குப் பின்னால் நின்றிருந்த தம்பி நம் இருவருடைய வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். எதற்குச் சிரிக்கிறோம் என்று அவன் கையால் கேட்டான். அப்புறம் சொல்கிறேன் என்று நீங்களும் கையால் சொன்னீர்கள். அந்த அப்புறம் நம் வீட்டில் பெரும்பாலும் வந்ததில்லை, அம்மா. உங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. நானும் அப்படித்தான் இருந்திருக்கிறேன். அதனால்தான் இந்தப் பதிலைக் கடிதமாக எழுதுகிறேன். முதலில் அவன் படிக்கட்டும், பிறகு நீங்கள் படியுங்கள்.

வெள்ளைக்காரர்களும் நன்றாகவே சீரியல் பார்க்கிறார்கள். "கோலங்கள்" 2003இல் தொடங்கி 2009 வரை ஓடியபோது இதற்கு முடிவே கிடையாதா என்று அப்பா சலித்துக்கொள்வார். இங்கே "ஈஸ்ட்எண்டர்ஸ்" என்ற தொடர் 1985 பிப்ரவரி 19 அன்று தொடங்கியது. இன்றும் திங்கள் முதல் வியாழன் வரை அரை மணி நேரம் வருகிறது. "கொரோனேஷன் ஸ்ட்ரீட்" 1960 டிசம்பரிலிருந்து ஓடுகிறது, அதாவது நீங்கள் பிறப்பதற்கு முன்பிருந்து. ஈஸ்ட்எண்டர்ஸ் கதை லண்டனின் கிழக்குப் பகுதியில் ஒரு சதுக்கத்தைச் சுற்றி வாழும் குடும்பங்களைப் பற்றியது; மாமியார், மருமகள், கடன், கள்ளத் தொடர்பு, கடைசி நொடியில் வெளிப்படும் ரகசியம் எல்லாம் உண்டு. நம் தொடர்களில் ஒவ்வொரு முகமாகக் காட்டி இடி இடிப்பது போல, அங்கே ஒருவர் முகத்தில் நிறுத்தி முரசு அடிக்கிறார்கள். அந்தச் சதுக்கம் முழுவதும் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் போர்ஹாம்வுட் என்ற இடத்தில் கட்டப்பட்ட அரங்கம் என்று தெரிந்தபோது, "சிறகடிக்க ஆசை" தொடரில் வரும் மீனாவின் பூக்கடையைத் தேடிச் சென்னைக்குப் போகலாமா என்று நீங்கள் கேட்டது நினைவுக்கு வந்தது.

எல்லாமே இப்படி நீள்வதில்லை. நான்கு பகுதிகளோடு முடிந்துவிடும் நாடகங்களும் உண்டு. அவைதான் ஊரை உலுக்கிவிடுகின்றன. 2024 ஜனவரியில் ஐடிவி சேனலில் அப்படி ஒரு நாடகம் வந்தது. அஞ்சலகங்களை நடத்திய சிறு கடைக்காரர்கள், பழுதான கணினி மென்பொருள் காட்டிய பொய்க் கணக்கால் திருடர்கள் என்று தண்டிக்கப்பட்ட உண்மைக் கதை அது. அவர்களில் நம் நாட்டு வம்சாவளியினரும் பலர். செய்தித்தாள்களில் பல ஆண்டுகளாக வந்துகொண்டிருந்த அதே விஷயம் நாடகமாக வந்த பிறகே நாடு முழுவதும் கொதித்தது; அந்த மே மாதத்திலேயே தண்டனைகளை ரத்து செய்யத் தனிச் சட்டம் வந்துவிட்டது. சீரியல் பார்ப்பது பொழுதுபோகாதவர் வேலை என்று சொன்ன அப்பா இருந்திருந்தால், இதை அவருக்கே எழுதியிருப்பேன்.

ஆனால் தம்பிக்குச் சொல்ல வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. இங்கே தொலைக்காட்சியின் ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால், பேசுகிற ஒவ்வொரு சொல்லும் திரையின் அடியில் எழுத்தாக வருகிறது. வேற்று மொழிப் படத்துக்குப் போடுகிற மொழிபெயர்ப்பு அல்ல. ஆங்கில நிகழ்ச்சிக்கே ஆங்கில எழுத்து, காது கேளாதவர்களுக்காக. பிபிசி தன் முக்கியச் சேனல்களில் எல்லா நிகழ்ச்சிகளுக்கும் 2008 முதல் இப்படிக் கொடுத்துவருகிறது. ஒரே காட்சியில் மூன்று பேர் பேசினால் ஒருவருக்கு வெள்ளை, ஒருவருக்கு மஞ்சள், இன்னொருவருக்கு வெளிர் நீலம் என்று எழுத்தின் நிறமே மாறுகிறது. யார் பேசுகிறார் என்று வாயைத் தேட வேண்டியதில்லை. கதவு தட்டப்பட்டால் கதவு தட்டப்படுகிறது என்று வரும். முகம் காட்டாமல் பக்கத்து அறையிலிருந்து ஒருவர் அழைத்தால் அதுவும் வரும். தம்பி, நீ எத்தனை தடவை என்னிடம் "இவள் ஏன் திடீரென்று திரும்பிப் பார்த்தாள்?" என்று கேட்டிருக்கிறாய்! யாரோ கூப்பிட்டார்கள் என்பதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகாது; ஆனாலும் விளம்பரம் வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

நேரலை நிகழ்ச்சிகளுக்கு இதை எப்படிச் செய்கிறார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஓர் அறையில் ஒருவர் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, தான் கேட்பதை அப்படியே தன் குரலில், கால்புள்ளி முற்றுப்புள்ளியையும் வாயால் சொல்லி, சீராகவும் தெளிவாகவும் திரும்பச் சொல்கிறார். கணினி அவர் குரலுக்குப் பழகியிருப்பதால் அதை எழுத்தாக மாற்றித் திரைக்கு அனுப்புகிறது. சில நொடிகள் பின்தங்கும். சில சொற்கள் தவறாகவும் வரும். ஆனாலும் ஒரு மனிதர் இன்னொருவருக்காக உட்கார்ந்து கேட்டுச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

இப்போது நடனப் போட்டிக்கு வருகிறேன். நம் வீட்டுக்கு இலவசக் கலர் டிவி வந்த பிறகு, "ஜோடி நம்பர் 1", "மானாட மயிலாட" இரண்டையும் நாம் தவறவிட்டதில்லை. தம்பிக்குப் பத்து வயதுகூட இருக்காது. அவன் எங்களைப் போல் எதிரே உட்காரமாட்டான். பெட்டியின் பக்கவாட்டில், ஒலி வருகிற சிறு துளைகளின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, கழுத்தைத் திருப்பித் திரையைப் பார்ப்பான். தவில் வந்தால் அவன் தோள் குலுங்கும். பாட்டு முடிந்தால் கையை எடுத்துவிடுவான். நடுவர்கள் பேசும்போது அவனுக்கு அங்கே வேலை இல்லை. அந்தக் கையைப் பார்த்துத்தான் நான் அவனை நம் ஊரில் ஒரு நடன வகுப்புக்கு அழைத்துப்போனேன். காது கேட்காத பிள்ளைக்குத் தாளம் எப்படிப் பிடிபடும் என்று சொல்லி வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். திரும்பி வரும்போது அவன் கெடிலம் பாலத்தில் நின்று நெடுநேரம் தண்ணீரைப் பார்த்தான். என்ன சொன்னார்கள் என்று கேட்டான். இடமில்லையாம் என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு இந்தக் கடிதத்தில் ஒப்புக்கொள்கிறேன், தம்பி.

இங்கே அதே வகை நிகழ்ச்சியின் பெயர் "ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்". 2004இல் பிபிசி தொடங்கியது. இதன் வடிவத்தைப் பல நாடுகள் எடுத்துக்கொண்டன. நடிகர், விளையாட்டு வீரர், செய்தி வாசிப்பவர், நகைச்சுவையாளர் என்று நடனம் தொழிலாக இல்லாத பிரபலங்கள் ஒவ்வொருவரும் ஒரு தொழில்முறைக் கலைஞருடன் ஜோடி சேர்ந்து வால்ட்ஸ், டேங்கோ, ரும்பா ஆடுவார்கள். சனிக்கிழமை நான்கு நடுவர்கள் பத்துக்கு இத்தனை என்று அட்டையை உயர்த்துவார்கள்; மக்களும் வாக்களிப்பார்கள்; இரண்டையும் சேர்த்துக் கடைசியில் நிற்கிற இரண்டு ஜோடிகள் மறுபடி ஆட, ஒரு ஜோடி வெளியேறும். இறுதிச் சுற்றில் மட்டும் முடிவு முழுக்க மக்கள் கையில். இலையுதிர்காலம் தொடங்கிக் கிறிஸ்துமஸ் நெருங்கும் வரை சனிக்கிழமை இரவு இதுதான். இத்தனை ஆண்டுகள் தொகுத்து வழங்கிய டெஸ் டேலியும் கிளாடியா விங்கிள்மனும் இந்த ஆண்டோடு விடைபெறுகிறார்கள் என்று அறிவித்ததிலிருந்து, நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் சொந்தப் பெண்கள் ஊரைவிட்டுப் போவது போலப் பேசுகிறார்கள்.

நான் இங்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 2021 நவம்பரில் ஒரு சனிக்கிழமை, இல்லத்தின் பொதுக்கூடத்தில் இரவுப் பணியில் இருந்தேன். காது மந்தமானவர்களுக்காகத் தொலைக்காட்சியின் ஒலியை முழுவதும் ஏற்றி வைத்திருப்பார்கள். ரோஸ் எய்லிங்-எல்லிஸ் என்ற பெண் ஆடிக்கொண்டிருந்தார். பிறவியிலேயே காது கேளாதவர். ஈஸ்ட்எண்டர்ஸ் தொடரில் நடித்தவர். அந்தப் போட்டியில் கலந்துகொண்ட முதல் காது கேளாதவர். திடீரென்று ஒலி முற்றிலும் நின்றுவிட்டது. பெட்டி பழுதாகிவிட்டது என்று நினைத்து ரிமோட்டை எடுக்கக் கையை நீட்டினேன். பக்கத்து நாற்காலியில் இருந்த தொண்ணூறு வயதுப் பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். திரையில் ரோஸும் அவர் ஜோடி ஜோவானி பெர்னிசேயும் இசையே இல்லாமல் தாளம் தவறாமல் ஆடிக்கொண்டிருந்தார்கள். சுமார் பத்து விநாடிதான். அந்தப் பத்து விநாடியில் சூடேற்றும் குழாய்க்குள் தண்ணீர் ஓடுவதும், சமையலறைப் பக்கம் தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிடுவதும் கேட்டன. பிறகு இசை திரும்ப வந்தது. காது கேளாதவர்களின் சமூகத்துக்கு மரியாதையாகத் திட்டமிட்டே ஒலியை நிறுத்தியிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பாட்டி தன் காதிலிருந்த கருவியை எடுத்து மடியில் வைத்திருந்தார். எனக்கு நினைவில் வந்தது டிவிப் பெட்டியின் பக்கவாட்டில் இருந்த தம்பியின் கை.

அந்த ஆண்டு டிசம்பரில் ரோஸே வென்றார். எண்ணிக்கையை மனத்துக்குள் வைத்துக்கொண்டு, ஜோடியின் உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் படித்துக்கொண்டு ஆடினார். தாளம் காதில் மட்டும் இல்லை என்பதை அன்றைக்கு நம்மைத் திருப்பி அனுப்பியவர்களுக்குச் சொல்ல எனக்கு அப்போது சொல் கிடைக்கவில்லை. இவர் ஆடிக் காட்டினார். பிரிட்டனின் சைகை மொழியை ஒரு மொழியாக அங்கீகரிக்கும் சட்டம் 2022 ஏப்ரலில் வந்தது. அதற்காகப் பல்லாண்டுகள் போராடியவர்களோடு ரோஸும் குரல் கொடுத்தார். இந்த ஆண்டு மே மாதம் அவரையே கதாநாயகியாக வைத்து ஆறு பகுதிகள் கொண்ட துப்பறியும் நாடகம் ஒன்று வந்தது. காவல்துறை உணவகத்தில் வேலை செய்யும் காது கேளாத பெண், உதட்டசைவைப் படிக்கத் தெரிந்ததால் ஒரு விசாரணைக்குள் இழுக்கப்படுகிறாள். அவள் படிக்கும்போது எழுத்துகள் முதலில் கலைந்தும் அரைகுறையாகவும் திரையில் தோன்றி, மெல்ல மெல்லச் சொல்லாகத் திரள்கின்றன. நம் வாயைப் பார்த்து நீ இப்படித்தான் சிரமப்பட்டுக் கூட்டிக்கொள்கிறாய் என்பது எனக்கு அந்த நாடகத்தைப் பார்த்த பிறகே விளங்கியது, தம்பி.

போன ஆண்டு அதே மேடையில் கிறிஸ் மெக்காஸ்லன் என்ற பார்வையற்ற நகைச்சுவையாளர், டயான் பஸ்வெல் என்ற கலைஞருடன் ஆடி வென்றார். ஓர் ஆட்டத்தின் நடுவில் விளக்குகளை அணைத்துச் சில நொடிகள் திரையையே இருட்டாக்கினார்கள். இந்த ஆண்டு டவுன் சிண்ட்ரோம் உள்ள எல்லி கோல்ட்ஸ்டீன் என்ற பெண் ஆடினார். இரக்கத்துக்காக மதிப்பெண் போட்டதாக எனக்குத் தோன்றவில்லை. கால் தவறினால் தவறு என்றே நடுவர்கள் சொல்கிறார்கள், அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

நகைச்சுவைத் தொடர்களைப் பற்றி அதிகம் எழுத எனக்கு இன்னும் தேர்ச்சி போதாது. பெரும்பாலும் ஆறு பகுதிகளில் ஒரு பருவத்தை முடித்துவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது "கோஸ்ட்ஸ்": பழைய மாளிகையில் வெவ்வேறு காலங்களில் செத்தவர்களின் பேய்கள் ஒன்றாகக் குடியிருக்க, வீட்டுக்காரிக்கு மட்டும் அவை தெரிகின்றன. முதல் வருடம் இந்த ஊர்க்காரர்கள் பேசும் வேகத்தில் எனக்கு ஒரு நகைச்சுவையும் பிடிபடவில்லை. திரையின் அடியில் வரும் எழுத்தைப் படித்துத்தான் எல்லாரும் சிரிக்கும்போது நானும் சிரிக்கக் கற்றுக்கொண்டேன். எல்லாரும் சிரிக்க, ஒருத்தி மட்டும் முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்பதை அந்த வருடம் நான் அனுபவித்தேன்.

நம் நாட்டிலும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், தொலைக்காட்சியில் எழுத்தும் சைகை மொழியும் வர அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் நம் வீட்டில் நான் பார்த்த எந்தத் தமிழ்த் தொடரிலும் தமிழ் எழுத்து ஓடியதில்லை. அப்போது ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷனில் சைகைச் செய்தி வந்த கால் மணி நேரம் மட்டுமே தம்பி முன்கூட்டிக் குளித்துத் தயாராகும் நிகழ்ச்சியாக இருந்தது. சேனல்காரர்களுக்கு எழுதலாம், நான் எழுதத்தான் போகிறேன். பதில் வரும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

அம்மா, உங்களால் ஒன்று முடியும். உங்கள் கைப்பேசியில் தமிழ் விசைப்பலகையில் ஒலிவாங்கிப் படம் ஒன்று இருக்கிறதே, எனக்குச் செய்தி அனுப்பும்போது அதைத் தொட்டுவிட்டுப் பேசுவீர்கள் அல்லவா? இன்றிரவு "சிறகடிக்க ஆசை" தொடங்கும்போது அதைத் திறந்து வைத்துக்கொண்டு, முத்து சொல்வதையும் மீனா சொல்வதையும் அப்படியே நீங்கள் திரும்பச் சொல்லுங்கள். முதலில் பெயரைச் சொல்லிவிட்டு வசனத்தைச் சொன்னால் நிறம் இல்லாத குறை தெரியாது. சத்தத்தைக் குறைத்து வையுங்கள், இல்லையென்றால் கைப்பேசி இரண்டு குரலையும் கலந்துவிடும். வேகமான சண்டையில் எல்லாவற்றையும் சொல்ல முடியாது; முக்கியமானதைச் சொன்னால் போதும். கைப்பேசி தம்பியின் கையில் இருக்கட்டும்.

தம்பி, முதல் நாள் எந்தெந்தச் சொல் தவறாக வந்தது, எந்த இடத்தில் அம்மா சொல்ல மறந்து கதையில் மூழ்கிவிட்டார்கள் என்பதை எனக்கு விவரமாக எழுது. பொங்கலுக்கு வரும்போது ரோஸின் அந்த நடனத்தை உனக்குக் காட்டுகிறேன். ஒலி எந்த நொடியில் நிற்கிறது என்று உன் உள்ளங்கையை வைத்து நீ எனக்குச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகள்